தூங்காத கால்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் படிக்காததால்தான் ஊரில் இத்தனை கார்கள் மூக்கு நசுங்கிக் கிடக்கின்றன என்பது அவருடைய எண்ணம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தெருவோரம் நசுங்கிய கார் ஒன்றைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அதிலேயே எல்லாம் வந்துவிடும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. அது லைசென்ஸில் இருந்தது, அவ்வளவுதான். தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்.

பெயர் சும்மா வரவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் பயத்தில் எதையாவது மிதித்துத் தொலைத்தால் பக்கத்தில் இருப்பவர் வண்டியை நிறுத்த வேண்டுமே, அதற்காக. அந்தப் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷன் வாலிப வயதிலிருந்து தலை நரைக்கிற வரை, காலை முதல் மாலை வரை, ஓடுகிற காரில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் செய்ய முடிந்ததெல்லாம் அதை நிறுத்துவது மட்டும்தான். அப்பேர்ப்பட்டவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

வரவில்லை. அதுதான் அவருடைய தீராத தொல்லை. உடம்பு அசந்துபோகும், கண்ணும் சொருகும், வலது கால் மட்டும் ஒத்துழைக்காது. சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், கனவில் யாராவது ஒரு கத்துக்குட்டி ரவுண்டானாவில் எதிர்த்திசையில் திரும்புவான். உடனே இவர் கால் ஓங்கி ஓர் உதை விடும். அந்த உதை யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவி ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். மிச்சம் விழுந்த கனத்த துணிகளைச் சுருட்டித் தைத்து, படுக்கையின் நடுவில் நீளமாக ஒரு தலையணை போட்டு வைத்திருந்தாள். அதற்கு பம்பர் என்று பெயர். பம்பர் போட்டும் அவள் முழங்காலில் எப்போதும் ஒரு நீலத் தடம் இருந்தது.

பகலிலும் அதே கதைதான். பஸ்ஸில் போனால் முன்னால் இருப்பவர் இருக்கையின் கம்பியை உதைப்பார். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் ஊசியைப் பார்த்ததும் வலது காலை நீட்டி அழுத்தியதில் அதன் கால்தாங்கி ஒருமுறை கழன்று விழுந்தது. டாக்டர் அவரிடம் படித்தவர் என்பதால் சிரித்துக்கொண்டே திருகி மாட்டினார்.

அவரிடம் ஒரே ஒரு பாடம்தான் உண்டு என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். கியர், கண்ணாடி, சிக்னல் எல்லாவற்றையும் மற்ற மாஸ்டர்களைப் போலத்தான் சொல்லிக்கொடுப்பார். பிரேக்குக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "பிரேக் போட்டது பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அது பிரேக் இல்ல, அடி" என்பார். முட்டை ஓட்டை மிதிப்பது போலத் தொட வேண்டும், பிறகு மெல்ல அழுத்த வேண்டும், வண்டி நிற்கப் போகிற அந்தக் கடைசி நொடியில் காலைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விட்டுக்கொடுக்கிற இடம்தான் எல்லோருக்கும் குதிரைக் கொம்பு.

மனைவி திடீரென்று ஒருநாள் தனக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னபோது அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். இத்தனை வயதுக்கு மேல் எதற்கு என்றார். திரைச்சீலைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் பஸ்ஸில் தொங்குவது என்று அவள் கேட்டாள். ஆள் வைத்து அனுப்பலாமே என்றார். முடியாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஊரெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டில் மட்டும் முடியாது என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பழகுநர் லைசென்ஸ் வாங்கி, காரில் எல் அட்டை ஒட்டி, தொடங்கினார்கள்.

எல்லாம் அவளுக்குச் சீக்கிரமே வந்தது. அளவெடுத்துப் பழகிய கண், இடுக்கில் வண்டியை நிறுத்தினால் நூல் பிடித்தது மாதிரி நிற்கும். பிரேக் மட்டும் வரவில்லை. தையல் மிஷினைக் கோட்டின் நுனியில் சடக்கென்று நிறுத்திப் பழகிய கால் அது. ஒரு தையல் கூடினாலும் துணி பாழ் என்று அந்தக் காலுக்கு யாரோ மிரட்டி வைத்தது போல, காரையும் அப்படித்தான் சடக்கென்று நிறுத்தும். மாஸ்டரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து இருக்கையில் இடிக்கும். அவர் முட்டை ஓடு என்பார், அவள் சரி என்பாள், மறுபடி சடக். பரீட்சை தேதி வந்தாகிவிட்டது, பிரேக் வந்தபாடில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். மச்சான் வயிறு முட்டச் சாப்பிட வைத்து, மாப்பிள்ளையை வம்புக்கு இழுத்து, பெண்டாட்டி கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தவன் உருப்பட்டதில்லை என்று கேலி செய்து அனுப்பி வைத்தார். திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். சாலை ஏரிக்கரையை ஒட்டிப் போகும். சாய்ந்துகொண்டிருந்த வெயில். ஏரித் தண்ணீர் முழுக்க வெளிச்சம் நொறுங்கிக் கிடந்தது. எதிரே வண்டியே இல்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கியரை மாற்றினாள், எல்லாம் முறைப்படி நடந்தது. சொல்லித் திருத்த எதுவும் இல்லாமல் போனதுதான் வினையாயிற்று.

அவர் தூங்கிப்போனார்.

எப்பேர்ப்பட்ட தூக்கம்! அதில் ஒரு கனவும் வந்தது. கார் தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் ஒரு பக்கமும் பிரேக் இல்லை. பிரேக் இருந்த இடத்தில் வெறும் கம்பளம், அதில் வெயில். கரையோர மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நடந்து பின்னால் போயின, அவசரமில்லாமல், வீட்டுக்குப் போகிறவர்களைப் போல. எங்கோ யாரோ ஒரு திரைச்சீலையை வளையம் வளையமாக இழுத்து மூடினார்கள். பயமாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை என்று கனவுக்குள்ளேயே அவருக்கு ஆச்சரியம். வண்டி எங்கே நிற்கும் என்று கேட்க நினைத்தார். பிறகு, அது நம் கவலை இல்லை என்று தோன்றியது.

கண் விழித்தபோது கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தோம் என்றார். இப்போதுதான் என்றாள். இறங்கிக் கையை வைத்துப் பார்த்தபோது பானெட் ஆறிப்போய் ஜில்லென்று இருந்தது.

உடம்பு குளித்து எழுந்தது போல இருந்தது. மனசோ கூனிக் குறுகிப்போனது. கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது மாஸ்டர் தூங்குவதா? கிணற்றுச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி அல்லவா இது? அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இருவருக்கும் தெரிந்த ரகசியமாக அது வீட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தது.

பிறகு நோட்டீஸ் வந்தது. ஏரிக்கரைச் சாலையில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் அவர் கார் அறுபதைத் தாண்டிப் போயிருக்கிறது, கேமரா பிடித்திருக்கிறது. சாதாரணக் கார் என்றால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இது பயிற்சிக் கார். ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவரும் நேரில் வர வேண்டும், படம் அங்கே காட்டப்படும் என்று எழுதியிருந்தது. மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார்.

வேகம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு அபராதம் போடுவார்கள், தொலையட்டும். ஆனால் எல் அட்டை ஒட்டிய காரில் மாஸ்டர் தூங்கினார் என்று அந்தப் படத்தில் தெரிந்துவிட்டால் கற்றுக்கொடுக்கிற லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். பிரேக் மிதிப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் பாதிப்பேர் அவரைப் பார்த்ததும் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் நாளை என்ன சொல்வார்கள்?

படத்தை அவர் மனசுக்குள் பலமுறை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதில் அவர் வாய் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்திருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியிடமே கேட்டார்.

"வாய் திறந்திருந்துச்சா?"

"எப்ப?"

"அன்னிக்கு. தூங்கறப்போ."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம்" என்றாள்.

அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று. கோபமாகக் கேட்கக் கூடாது, அவளுடைய பரீட்சை நேரத்தில் அவளைக் கலங்கடிக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து, ஒருவழியாகக் கேட்டார். "அந்த நாப்பது போர்டு உன் கண்ணுல படலையா?"

"பட்டுது" என்றாள் அவள். மிஷினுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்ணில் படவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக ஒரு வசவு வைதுவிட்டுப் போயிருப்பார். பட்டது என்கிறாளே! பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைக்காமல் போகிறவளா இவள்? பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கிற ஜாதி. அன்று மட்டும் அவளுக்கு என்ன வந்தது? அவருடைய கால் அந்தக் கேள்வியை இரவெல்லாம் மிதித்துக்கொண்டிருந்தது. பகலில் பக்கத்து அறையிலிருந்து மிஷின் சத்தம் வரும். அதில்கூட ஏதோ மாறியிருந்த மாதிரி இருந்தது. சடக்கென்று நிற்கிற மிஷின் இப்போதெல்லாம் தேய்ந்து, மெலிந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றது. மிஷினுக்கு எண்ணெய் போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், மறந்தும் போனார்.

போக்குவரத்து நீதிமன்றம் பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீளமான நடைக்கூடம், சுவரோரம் நீளமான பெஞ்சுகள், மேலே மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. வெளிச்சம் வருகிற உயரமான திறப்பில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தன. சிக்னலைத் தாண்டியவர்கள், ஹெல்மெட் போடாதவர்கள், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் உள்ளே நுழைந்ததும் அவர்களில் நாலைந்து பேர் அனிச்சையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவரிடம் படித்தவர்கள், வேறென்ன.

காவலுக்கு நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரரும் பழைய மாணவர்தான். மாஸ்டரைப் பார்த்ததும் யாரையாவது கூட்டி வந்திருப்பார் என்று நினைத்து, யாருக்கு வழக்கு என்று விசாரித்தார். எனக்குத்தான், வேகம் என்று இவர் சொன்னதும் போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறி, அப்படியென்றால் கேமராதான் பழுது, நானே சாட்சி சொல்கிறேன், நீங்கள் ஓட்டினால் எருமை மாடு முந்திப் போகுமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்து ஒரு வக்கீல் வந்தார். பரீட்சையில் மூன்று முறை தோற்றவர் அவர், நாலாம் முறை மாஸ்டர் புண்ணியத்தில் தேறினார். அந்த நன்றிக்கு இலவசமாக ஒரு யோசனை சொன்னார். பக்கத்து இருக்கை பிரேக் அன்று வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள், கேஸ் அதோடு முடிந்தது.

மாஸ்டருக்கு மூக்கு விடைத்தது. தினம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அந்த பிரேக்கைத்தான் மிதித்துப் பார்க்கிறார். அதன்மேல் பழி போடுவதா? பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லித் தப்பிப்பது போல. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு வக்கீலை அனுப்பி வைத்தார்.

நேரம் நகரவில்லை. மின்விசிறி சுற்றச் சுற்ற, பல நாள் தூக்கமில்லாத கண்களுக்கு அந்த நடைக்கூடம் அசைவது போல இருந்தது. அது ஒரு நீளமான பஸ் ஆயிற்று. எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். புறாக்கள்தான் டிக்கெட் கிழித்தன. பஸ் எங்கோ கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று பதறி, மாஸ்டர் தரையை ஓங்கி மிதித்தார். பக்கத்தில் இருந்தவரின் செருப்பு பறந்தது.

மனைவி அவர் முழங்காலில் கையை வைத்தாள். "நின்னுட்டுத்தாங்க இருக்கோம். ஓடல" என்றாள் மெதுவாக.

அவர்களைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அம்மாள் ஊருக்குப் புதிது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர் என்று கேள்வி. அந்த அறையிலேயே மாஸ்டரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஓட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் மனைவி. பக்கத்தில்? மாஸ்டர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. படத்தைப் போடுங்கள் என்றார் நீதிபதி.

சுவரில் இருந்த திரையில் படம் வந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அழகான படம், சொல்லத்தான் வேண்டும். பின்னால் ஏரி பளபளத்தது. நடுவில் அவர் கார். மனைவி நேராக நிமிர்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கலவரத்திலும் அவருக்கு அந்தக் கைகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் சட்டையும் சீட் பெல்ட்டும் தெரிந்தன. அதற்கு மேலே முகம் இல்லை. வெயில் மறைப்பு கீழே இறக்கிவிடப்பட்டிருந்தது. திறந்த வாயோ மூடிய கண்ணோ எதுவும் இல்லை, பலகை மாதிரி ஒரு நிழல்தான் இருந்தது.

பிழைத்தோம் என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. அந்த மறைப்பை இறக்கியது யார்? அவர் இறக்கமாட்டார். சாலையில் பாதியை மறைக்கிற சமாசாரம் அது. பயிற்சிக் காரில் யாராவது அதைத் தொட்டால் கையிலேயே ஒன்று போடுவார். அவர் தூங்கியபின் அவள்தான் இறக்கியிருக்கிறாள். கேமராவுக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு மேடு உண்டு. அதில் வண்டி தானாக மெதுவாகி ஊர்ந்தபோது எட்டி இறக்கியிருப்பாள். வெயில் அவர் கண்ணில் விழுந்திருக்கும். எந்த ஜன்னலில் எவ்வளவு வெளிச்சத்தை விட்டால் ஆள் விழித்துக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியாதா? அதுதானே அவள் தொழில்.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். உங்கள் பக்கமும் பிரேக் இருக்கிறது, வேகம் அறுபதைத் தாண்டும்போது நீங்கள் ஏன் போடவில்லை என்று கேட்டார்.

பதில் தயாராக இருந்தது. மெதுவாகப் போ என்று சொன்னேன், இவள் கேட்கவில்லை. மிதிக்கப் போனேன், அதற்குள் கேமரா வந்துவிட்டது. நாலே வார்த்தை. அறையில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். போலீஸ்காரர் வேறு, சொல்லுங்கள் மாஸ்டர் என்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் பிழைக்கும், பெயர் பிழைக்கும். சொல் பேச்சுக் கேட்காதவள் என்ற பழி மட்டும் அவள் தலையில் விழும். அவள் அதை மறுத்துப் பேசமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். திரையில் அந்தச் சின்ன நிழல் தெரிந்தது.

"நான் தூங்கிட்டேங்க" என்றார்.

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. போலீஸ்காரர் தன் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கினார். நீதிபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, முதல் முறையாக அவரைச் சரியாகப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இவர் தூங்குவது தெரியுமா, போர்டைப் பார்த்தீர்களா, பார்த்தும் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்று கேட்டார்.

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை.

"பாத்தேங்க. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டேன். ஆனா அந்த எடத்துல இறக்கம், வண்டி தானா ஓடுது. பிரேக் போட்டிருக்கணும். என் பிரேக் சரியா விழாதுங்க, குலுக்கிடும். இவரும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டாரு. குலுக்குனா முழிச்சிடுவாரு. வீட்டு வாசல்லகூட பிரேக் போடாம, தானா உருண்டு நிக்கட்டும்னு விட்டேன்." தலைப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "இவரோட வலது கால் அந்த பிரேக்கை விட்டு நகர்ந்து, ஓரமா சாஞ்சு கெடந்துச்சுங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் கால் தூங்கி நான் பாத்ததில்ல. எழுப்ப மனசு வரல. தப்புதாங்க."

கியரைக் குறைத்திருக்கலாமே என்று மாஸ்டருக்குள் இருந்த வாத்தியார் எழுந்தார். எழுந்தவரை அவரே உட்காரச் சொன்னார். பட்டுது என்று அவள் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அந்த நேரத்துல குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்திருந்தா?" என்றார் நீதிபதி. குரலில் கோபம் இல்லை. ஆனால் பதில் வேண்டும் என்று இருந்தது.

"மிதிச்சிருப்பேங்க. இவர் தூக்கம் கெட்டாலும் பரவால்லன்னு."

நீதிபதி எதையோ எழுதினார். எழுதி முடிக்க நேரமாயிற்று. பிறகு சொன்னார். ஓட்டியவருக்கு வேகத்துக்கான அபராதம். அவருடைய பழகுநர் லைசென்ஸ் அப்படியே இருக்கும், பரீட்சைக்குப் போகலாம். மாஸ்டருடைய பயிற்சி லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "மூணு மாசம் காசு வாங்கிட்டு யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்த நேரத்துல தூங்குங்க. கட்டில்ல தூங்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் போலீஸ்காரர் சத்தமில்லாமல் கூடவே படியிறங்கி வந்தார். காரின் கூரைமேல் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையை அவர்தான் கழற்றி டிக்கியில் வைத்தார். மாஸ்டரால் அதைப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதம் பாதியில் நிற்கிற மாணவர்களெல்லாம் அடுத்த தெருவில் இருக்கிற அந்த ஹாரன் ஆசாமியிடம் போவார்கள். அவன் பிரேக்குக்குப் பதில் ஹாரனைத்தான் கற்றுக்கொடுப்பான். ஊரில் இன்னும் எத்தனை கார் மூக்கு நசுங்குமோ. பெருமூச்சு விட்டார், இந்த முறை சத்தமாகவே.

சொந்த மனைவிக்குப் பக்கத்தில் உட்கார சாதாரண லைசென்ஸ் போதும் என்று நீதிமன்றக் குமாஸ்தா சொல்லியிருந்தார். எல் அட்டை ஒட்டியபடியே இருந்தது. அவள் சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீயே ஓட்டு" என்றார். "ஏரிக்கரை வழியா போ."

"சுத்தாச்சே."

"இருக்கட்டும்."

உட்கார்ந்ததும் வலது கால் பழக்கப்படி பிரேக்கின் மேல் போய் நின்றது. ஊரைத் தாண்டுகிற வரை அங்கேயே இருந்தது. ஏரி தெரிந்ததும் அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சீட் பெல்ட்டுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, கழுத்தை அறுத்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தூங்கிவிடாதீர்கள், கேமரா இருக்கிறது என்றாள். மாட்டேன் என்றார்.

தூங்கவில்லை. அத்தனை வருஷமாகப் போய்வந்த சாலை அது, ஆனால் அவர் பார்த்ததெல்லாம் தாரும் வெள்ளைக் கோடும்தான். இப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் நொறுங்கி மினுங்கியது. யாரோ ஒருவர் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கால் நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைப் பறவை ஒற்றைக் காலில் நின்றது. கனவில் நடந்து போன அதே மரங்கள் வந்தன, அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். இவை இங்கேயேதான் இருந்தனவா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. வெயில் முகத்தில் விழுந்தது. மறைப்பை இறக்கட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், பார்க்க வேண்டும் என்றார்.

அந்தப் போர்டு மட்டும் அவர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. இறக்கம் வரும், அவள் மிதிப்பாள், சடக்கென்று தலை முன்னால் போகும். பரவாயில்லை, போகட்டும் என்று கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். மரங்கள் போயின, தண்ணீர் போயிற்று. சைக்கிள்காரர் சின்னப் புள்ளியானார். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"நாப்பது போர்டு எப்ப வரும்?" என்றார்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அப்பவே போயிடுச்சுங்க" என்றாள்.

அவர் வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்தார். அது நாற்பதுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது.